என் மகனின் இடது முட்டி

என் மகன் நடந்து வந்தால் ஆளைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிடும். வலது கால் சாதாரணமாக விழும். இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்து விழும். அந்த முட்டி முழுதாக நீளாது, எப்போதும் சற்று மடங்கியே இருக்கும். பார்க்கிறவர்கள் நோய் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டதே என்று உச்சுக்கொட்டுவார்கள். நோய் ஆக்கவில்லை. நோய்க்கு மருந்து இருந்தது, எங்கள் வீட்டு பிரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். ஆக்கியவள் என் மாமியார். அதற்காக அவளை நான் பழி வாங்கினேன். மனம் மாறி, கண் கலங்கி இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளை எழுத்தில் 'அவர்' என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. நேரில் இன்றைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறேன். அது நான் வளர்ந்த ஊர்ப் பழக்கம், அவ்வளவுதான்.

நான் நர்ஸ். சேலத்தில் குழந்தைகள் வார்டில் வேலை பழகி, கல்யாணமான பிறகு ஏற்காட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். வீடு தலைச்சோலையில். கோபக்காரி என்று ஆஸ்பத்திரியிலும் பேர், ஊரிலும் பேர். அந்தப் பேரை நான் மறுத்ததில்லை.

என் மகனுக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கு ஒன்று அவன் உடம்பில் பிறவியிலேயே இல்லை. இப்படிச் சொன்னதும் எல்லோரும் கத்தியைத்தான் நினைக்கிறார்கள், சின்னக் கீறல் பட்டாலே ஆள் போய்விடுவான் என்பதுபோல. கீறல் ஒரு பிரச்சினையே இல்லை, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். வெளியே தெரியாமல் உள்ளே கசிவதுதான் ஆபத்து. ஓடி விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான், முட்டிக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கும். வலி வருவதற்கு முன்னால் உள்ளே ஒரு குறுகுறுப்பு வரும். அதற்கு அவனே ஒரு பேர் வைத்திருந்தான். "அம்மா, எறும்பு வந்துருச்சு" என்பான். எறும்பு வந்த உடனே மருந்து ஏற்ற வேண்டும், துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். சூடு வைக்கக் கூடாது. தேய்க்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன்.

எறும்பு வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவனுக்கு மருந்து ஏற்றுவேன். பொடியில் தண்ணீரை விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். இன்றைக்கு எந்தக் கை என்று அவன்தான் முடிவு செய்வான். பட்டாம்பூச்சி ஊசி என்று வார்டில் சொல்லும் சிறிய இறக்கை வைத்த ஊசி அது. மலைக் குளிரில் நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும், வெந்நீரில் கையை நனைத்து வைத்தால் மேலே வரும். பெற்ற பிள்ளைக்கு ஊசி குத்த மனம் வருகிறதே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வராமல் என்ன செய்வது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் குடும்பத்து முறையை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. என் கணவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. அதாவது என் தாய்மாமனையே கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் இது நடக்கிற வழக்கம்தான், சொத்தும் உறவும் வெளியே போகாது என்பார்கள். ஆக, என் மாமியார் என் அம்மாவைப் பெற்றவள். தாலி ஏறும்வரை அவளை 'அம்மாயி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, இனிமேல் அம்மாயி கிம்மாயி எல்லாம் வேண்டாம், அத்தை என்று கூப்பிடு, இந்த வீட்டுக்கு நீ மருமகள் என்றாள். பேத்தியிடம் காட்ட முடியாத அதிகாரத்தை மருமகளிடம் காட்டலாம் அல்லவா.

மகன் தவழ ஆரம்பித்தபோது உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப் போகும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் விரல் பட்ட இடமெல்லாம் தடம் விழும். ஆத்தாகாரி கிள்ளி வைக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. சேலத்தில் ரத்தப் பரிசோதனை முடிந்து பேர் தெரிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். அம்மா வழியாகப் பையனுக்கு வருவது, அம்மாவுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது, பையனைத்தான் படுத்தும் என்றார். உங்கள் அம்மா பக்கத்தில் ஆண்பிள்ளைகள் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து அப்போது இல்லைதான்.

வீட்டுக்கு வந்து என் கணவர் அவர் அம்மாவிடம் டாக்டர் சொன்னதில் ஒரு பாதியைச் சொன்னார். அம்மா வழியாக வருகிறதாம் என்றார். என் மாமியாருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளே கிணற்றடியில் ஆரம்பித்துவிட்டாள். காபி பழம் பறிக்கிற இடத்தில், ரேஷன் கடையில், பஸ்ஸில், ஏற்காட்டுச் சந்தையில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. எங்கள் வீட்டு ரத்தம் சுத்தம், மருமகள் கொண்டுவந்த ரத்தம்தான் கெட்ட ரத்தம், என் மகன் தலையில் இப்படி எழுதியிருக்கிறது என்பாள். அந்த மருமகள் எங்கிருந்து வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தை என்று கூப்பிட வைத்ததில் அவளே மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

வாய்ப்பேச்சை நான் பொறுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் முட்டியைப் பொறுக்க முடியாது.

மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். அன்று எனக்குப் பகல் டியூட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பாட்டியிடம் எறும்பு வந்துருச்சு என்று சொல்லியிருக்கிறான். எனக்கு போன் செய்ய வேண்டும், நான் வரும்வரை ஐஸ் வைக்க வேண்டும். அவளுக்கு இது தெரியும். நான் சொல்லி, செய்து காட்டி, அவளையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் போனைத் தொடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து சுளுக்கு எடுக்கிறவரை வரவழைத்தாள். விளக்கெண்ணெயைச் சூடு செய்து கொடுத்தாள். என் கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார். அவர்தான் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். கத்தக் கத்த அந்த மனிதர் முட்டியை உருவி, நீவி, இழுத்துவிட்டிருக்கிறார்.

நான் பஸ் இறங்கி வந்தபோது அவன் கத்தி முடித்திருந்தான். கண் மட்டும் திறந்திருந்தது. முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளவென்று மின்னியது. மாமியார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சேதி சொன்னாள்.

"சுளுக்குத்தான் கண்ணு, எடுத்தாச்சு. உன்ற ஊசி இல்லாமயே எடுத்தாச்சு பாரு."

அந்த 'பாரு' இருக்கிறதே, அதைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. அவள் அறியாமையால் செய்யவில்லை. என்னை ஜெயிப்பதற்காகச் செய்தாள். என் ஊசிக்கு எதிராக அவள் பக்கத்தில் ஒன்று வேண்டியிருந்தது, அதற்கு என் பிள்ளையின் காலை எடுத்துக்கொண்டாள்.

உடனே மருந்து ஏற்றினேன். ஜீப் பிடித்துக் கீழே இறங்கினோம். மலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி திரும்பும்போது அவன் என் மடியில் அனத்தினான். அடிவாரம் வந்தபோது சத்தம் நின்றது. சத்தம் நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. வாரக்கணக்கில் வார்டில் கிடந்தோம். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த அதே வார்டு. மூட்டின் உள்தோல் கெட்டுவிட்டது, இனி ரத்தம் இந்த முட்டியைத்தான் தேடித் தேடி வரும், காலும் முழுதாக நீளாது என்றார் டாக்டர். நான் நர்ஸ் என்பதால் சுற்றி வளைக்காமல் சொன்னார். சுற்றி வளைத்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சுளுக்கு எடுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. கேள்விப்பட்டு வார்டுக்கே வந்து, வாசலில் நின்று அழுதார். இப்போதெல்லாம் வீங்கிய முட்டியோடு எந்தப் பையன் வந்தாலும் கையை வைக்காமல் முதலில் என்னிடம் அனுப்புகிறார். என் கணவரிடம் நான் நெடுநாள் பேசவில்லை. பிறகு பேசினேன், சாப்பாடு எடுத்து வைக்க வேண்டியிருந்ததே. அவர் அம்மாவுக்கு எதிராக வாயைத் திறந்து பழகாத மனிதர். அவரைத் தண்டித்தால் எனக்கு என்ன கிடைக்கும்? நான் தண்டிக்க வேண்டியவள் அவள்தான்.

ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது என் அம்மா. வார்டில் எனக்குத் துணையாக வந்து இருந்தாள். ஒரு நாள் மகனின் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஆடிக்கொண்டிருந்த பல்லை நாக்கால் நெம்பியிருக்கிறான். நான் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தம்பிக்கும் இப்படித்தான் கண்ணு வந்துச்சு. நாந்தான் சொம்பு புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

அந்தத் தம்பியின் கதை எனக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது நோய்க் கதை இல்லை, செய்வினைக் கதை. அம்மா அப்போது பாவாடை கட்டிய சிறுமி, எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த தம்பிக்கு, என் மாமியாரின் ஓரகத்தி ஒரு கமர்கட்டு கொடுத்தாள். கடித்ததில் ஆடிக்கொண்டிருந்த பல் பிடுங்கிக்கொண்டு வந்தது. ரத்தம் நிற்கவில்லை. கமர்கட்டில் மருந்து வைத்துவிட்டாள் என்று என் மாமியார் தலையிலடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பையனைக் கீழே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறார். மந்திரிக்கிறவரோ கட்டு அவிழ்க்காமல் மலையிறக்கினால் உயிர் போய்விடும் என்றார். என் மாமியார் ஜீப்பைத் திருப்பி அனுப்பினாள். பையன் நாள்கணக்கில் சொம்பில் துப்பிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தான். ஓரகத்தி குடும்பம் அவமானம் தாங்காமல் மலையை விட்டே போனது. அவள் செத்த சேதி வந்தபோதும் என் மாமியார் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் கேட்ட கதை, அன்றுதான் எனக்குக் காதில் விழுந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டே நின்றேன். கை தானாக வேலை பார்த்தது, மனம் வேறெங்கோ போய்விட்டது. அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இருந்தது. என் அம்மாவுக்குக் கொடுத்தவள் அவள். என் அம்மா எனக்குக் கொடுத்தாள், நான் என் மகனுக்குக் கொடுத்தேன். கெட்ட ரத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அது அவளுடையது.

அன்றே மலையேறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்படியில் சொன்னால் அடுப்படியிலேயே புகைந்து அடங்கிவிடும். என் பேரை அவள் நாலு பேர் கூடிய இடத்தில்தான் கெடுத்தாள். நாலு பேர் கூடட்டும் என்று காத்திருந்தேன். மகனுக்கு மருந்து ஏற்றினேன், உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போனேன், அத்தைக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அவள் என்னவெல்லாம் சொன்னாளோ எல்லாவற்றுக்கும் சிரித்தேன். நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

என் மாமியாரின் இளைய மகள், அதாவது என் சின்னம்மா, ஏற்காட்டில் கடைத்தெருப் பக்கம் இருக்கிறாள். அவளுடைய மகளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத் தங்கை முறை. அவள் உண்டாகியிருக்கும் செய்தியை என்னிடமிருந்து மறைத்துவிட்டார்கள். என் கண் படக் கூடாதாம், மாமியாரின் உத்தரவு. வளைகாப்புக்கு அழைக்க வந்தபோதுதான் எனக்கே தெரியும். அந்தப் பெண்ணுக்கும் இந்த ரத்தம் இருக்கலாம், வயிற்றில் இருப்பது பையனாகவும் இருக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்வதுதான் ஒரு நர்ஸ் செய்ய வேண்டியது. எனக்கு அது தெரியும். ஆனால் வளைகாப்புக்கு மூன்று ஊர்ச் சனம் வரும் என்பதும் தெரியும்.

அன்று சின்னம்மா வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். பாட்டு வைத்திருந்தார்கள். தங்கை பட்டுச்சேலையில், கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டுவிட்டு வந்தார்கள். என் முறை வந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். என் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லோர் முன்னாலும், குரலில் தேன் தடவிச் சொன்னாள்.

"நீ தள்ளி நில்லு கண்ணு. உன்ற ரத்தம் நம்ம ஊட்டுக்கு ஆவாது. புள்ளத்தாச்சிய தொடாத."

நான் காத்திருந்தது இதற்குத்தான். இவ்வளவு நன்றாக அமையும் என்று நானே நினைக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பாட்டை நிறுத்தச் சொன்னேன், யாரோ நிறுத்தினார்கள்.

"அம்மாயி" என்று கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "நான் எந்த ஊட்டுல இருந்துங்க வந்தேன்? எங்கம்மா வயித்துல இருந்து. எங்கம்மா உங்க வயித்துல இருந்து. எனக்கு எங்கம்மா குடுத்த ரத்தம், எங்கம்மாளுக்கு நீங்க குடுத்தது. உங்க மூத்த பையன் பல்லு விழுந்து செத்தானே, அவனுக்கும் நீங்க குடுத்தது இதேதானுங்க. கமர்கட்டுல ஒண்ணுமில்ல. செய்வினையுமில்ல. அந்தம்மா பாவம், ஒண்ணுந் தெரியாமயே செத்துப் போச்சு."

 வெளியே ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் மாமியார் கையில் வளையல் கொத்து இருந்தது. அதைத் தாம்பாளத்தில் வைத்தாள், சத்தமில்லாமல் வைத்தாள். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். தங்கை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, பயப்படாதே, நாளைக்கே என்னோடு சேலத்துக்கு வா, சோதித்துப் பார்த்துவிடலாம், இப்போதெல்லாம் நல்ல மருந்து இருக்கிறது என்றேன். பிறகு அவள் கன்னத்தில் சந்தனத்தைப் பூசினேன். ஒருவரும் தடுக்கவில்லை. வந்தவர்கள் புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு எல்லாவற்றையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இப்படியொரு சேதி கூடவே கிடைத்தால் யாருக்குத்தான் இறங்காது.

எனக்கு இனித்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. 

பஸ் நிறுத்தத்தில் என் அம்மா வந்து நின்றாள். கூடத்தில் அவளும்தான் இருந்தாள், கதவோரம், என் நேரெதிரே. நான் பேசியபோது அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பேசினேன். என் மாமியாரை அடிக்க வேண்டுமானால் நடுவில் என் அம்மாவைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும், வேறு வழி இல்லை. அம்மா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கம்மாவ அடிக்கறதுக்கு என்னய எதுக்குக் கண்ணு கல்லா எடுத்த?"

பஸ் வந்தது, நான் ஏறினேன். அவள் ஏறவில்லை. அதன் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பேரனுக்கு மட்டும் போன் செய்வாள். என்னிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள்.

தங்கையைச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். சோதனையில் அவளுக்கும் அந்த ரத்தம் இருப்பது தெரிந்தது. டாக்டர்கள் முன்கூட்டியே திட்டம் போட்டுப் பிரசவம் பார்த்தார்கள், குழந்தையின் தலையில் ஆயுதம் வைத்து இழுக்கும் பேச்சே இல்லாமல். ஆண்குழந்தை. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது அவனுக்கும் நோய் இருந்தது. பிறந்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் ஊசியைக்கூட யோசித்து, மெல்லிய ஊசியாகப் பார்த்துப் போட்டு, நீண்ட நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சின்னம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியாட்டம் வந்து காப்பாத்துன என்று அழுதாள். நான் சாமியாக வரவில்லை. அடிக்க வந்தேன், அடித்ததில் ஒரு பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

என் மாமியாரிடம் நான் எதிர்பார்த்தது சண்டையை. சாபம் விடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், மகனிடம் சொல்லி அழுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடிப் பேச்சு நின்றுபோனது. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஓரகத்தியின் செய்வினை திரும்பி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் அறுத்து முச்சந்தியில் வைப்பாள். அந்த வருஷம் பழம் வாங்கவில்லை. வாங்கிவரட்டுமா என்று என் கணவர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். என் மகன் அறைக்குள் அவள் காலெடுத்து வைக்கவும் இல்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

குழந்தை கழுத்து நின்றதும் தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தாள், என்னிடம் பழகிக்கொள்ள. பகல் வேளை, நல்ல வெயில். பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது, முதுகுக்கும் பிட்டத்துக்கும் அடியில் உள்ளங்கையை விரித்துக் கொடுத்துத் தூக்க வேண்டும் என்று காட்டினேன். தவழும்போது முட்டிக்கு மெத்தென்று துணி வைத்துத் தைத்த கால்சட்டை போட வேண்டும், ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு அழுதால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும் எண்ணெய் போட்டுத் தேய்க்க விடக் கூடாது. கடைசியைச் சற்று உரக்கவே சொன்னேன், வாசற்படிக்கு அந்தப் பக்கம் என் மாமியார் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் மகனைக் கட்டிலில் படுக்க வைத்து, தங்கை பார்க்கும்படி மருந்தைக் கரைத்தேன். இன்றைக்கு இடது கை என்றான். ஊசி முதல் குத்திலேயே ஏறியது.

நிழல் விழுந்தது. என் மாமியார் உள்ளே வந்து கட்டில் ஓரம் நின்றிருந்தாள். மருந்து மெல்ல உள்ளே போவதையே பார்த்தாள். தங்கையின் மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னிடம், பல மாதங்களுக்குப் பிறகு, பேசினாள்.

"ஏனுங்க" என்றாள். பேத்தியிடம், மருமகளிடம், 'ங்க' போட்டாள். "இந்த ஊசி அப்பவே இருந்திருந்தா எம்பையன் பொழச்சிருப்பானா?"

"இந்த ஊசி அப்ப இங்க இல்லீங்க" என்றேன். உண்மைதான். அவள் முகம் இளகியது. நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது, நான் பார்த்தேன். மருந்தே இல்லை, அதனால் தன்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்ற ஆறுதல் அது. அதை எடுத்துக்கொண்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். முன்னாடியே கூட்டியாந்திருந்தா சரியாயிருக்குமா என்று கேட்பார்கள். வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு. உங்க மேல தப்பில்லீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. உண்மையோ பொய்யோ, அதைத்தான் சொல்வோம். பிள்ளையைக் கொன்றவளே வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

"ஆனா ரைட்டரு ஜீப்பு வாசல்ல நின்னுச்சில்லீங்க" என்றேன். "கீழ எறக்கியிருந்தா ரத்தம் ஏத்தியிருப்பாங்க. பொழச்சிருப்பானுங்க."

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, மகனின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நெசமாவா?" என்றாள் என் மாமியார்.

"நெசந்தானுங்க அத்தை."

அவள் அழவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.  பிறகு என் மகனின் இடது முட்டியைத் தொடக் கையை நீட்டினாள். தொடுவதற்கு முன்னால் நிறுத்தி, தொடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டவில்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு எடுத்துக்கொண்டாள்.